அழித்ததெல்லாம் மேகத்துக்கு

லேத்தின் காலடியில் சுருள் சுருளாக விழும் இரும்புத் துருவலைக்கூடச் சென்னியப்பன் யாருக்கும் சும்மா தந்ததில்லை. பழைய இரும்புக்காரர் தராசோடு வந்து நின்று, துருவலில் எண்ணெய் ஒட்டியிருக்கிறது, எடையில் அதைக் கழிக்க வேண்டும் என்பார். அந்த எண்ணெயும் காசு கொடுத்து வாங்கியதுதான், வேண்டுமானால் நக்கிப் பார்த்துக்கொள் என்பார் இவர். அப்படிப்பட்ட மனிதர், தன் பட்டறையிலேயே விலை கூடின குப்பையை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள், இலவசமாகத் தூக்கிக் கொடுத்தார். பேரத்தில் தான் ஜெயித்துவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டார்.

கோவையில் கணபதி பக்கம் அவருக்குப் பம்புப் பட்டறை. சாக்கடை, சேறு, மழைவெள்ளம் இறைக்கிற பம்புகள். இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் வருடத்திலும் சேறு சேறாகத்தான் இருந்தது; பம்பு வரைகிற விதம் மட்டும் மாறிவிட்டது. பட்டறையின் மூலையில் புகைவிட்டுக்கொண்டிருந்த பழைய கணினிக்குப் பதிலாக, கல்யாணத் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான் மிதுன். வரைகலை மென்பொருளை வாடகைக்கு விடும் கம்பெனியின் ஆள். கம்பெனிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊர்க்காரர்கள் அதை மேகம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

“இதுக்குள்ள என்னங்க இருக்குது?” சென்னியப்பன் தட்டைத் தூக்கிப் பார்த்தார். எடையே இல்லை. எடையில்லாத சரக்கின்மேல் அவருக்கு எப்போதும் சந்தேகம்.

“ஒண்ணுமே இல்ல சார். வெறும் கண்ணாடி. சாஃப்ட்வேர், கணக்குப் போடற மூளை எல்லாம் மேகத்துல இருக்கு. உங்க வீட்டு டிவில படம் ஓடுது, படம் என்ன டிவிக்குள்ளயா இருக்கு? அது மாதிரிதான். நீங்க பேனாவ நகர்த்தினா அந்த நகர்வு அங்க போகும். கோடு அங்க விழும். விழுந்த கோட்டோட படம் இங்க வரும். கண் சிமிட்டறதுக்குள்ள.”

“அப்ப நம்ம தாமரை வரையறது நம்ம பட்டறைலயே நடக்காதுன்னு சொல்லுங்க.”

“அப்படியும் சொல்லலாம் சார்.”

“வாடகை வீட்டுல குடியிருந்துட்டு, சோறும் அவிய அடுப்புலயே ஆக்கற மாதிரி.”

மிதுன் சிரித்தான். சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்த சிரிப்பு. பிறகு இரண்டு சந்தாக்களைச் சொன்னான்: சாதாரணம், உயர்வு. உயர்வின் விலையைக் கேட்டதும் சென்னியப்பன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டு பேசுகிற விலை அல்ல அது. சாதாரணத்தின் விலையையும் உட்கார்ந்துதான் பேசினார். முக்கால் மணி நேரம். அவருடைய அப்பா மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிய வம்சம். மிதுன் மூன்று முறை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மூன்று முறையும் இவர் தடுக்கவில்லை. மூன்று முறையும் அவனே வாசலிலிருந்து திரும்பி வந்தான்.

“சரி சார். பாதி விலை. ஆனா ஒரு இடத்துல டிக் போடணும்.” ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டினான். “முடிச்ச படம் முழுக்க உங்க சொத்து. வரையும்போது கோடு இழுக்கற விதம், அழிக்கறது, திரும்ப எடுக்கறது, யோசிச்சு நிக்கறது, இதெல்லாம் மட்டும் எங்களுக்கு.”

“அழிச்சதா?”

“ஆமா சார். மெஷினுக்குப் பாடம் சொல்லித்தர.”

ஓரமாக உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்த தாமரைச்செல்வி தலையைத் தூக்கினாள். டிப்ளமோ படித்துவிட்டு ஒன்பது வருடமாக அங்கே வரைகிறவள். பட்டறையின் எந்தப் படத்திலும் அவள் பெயர் கிடையாது. படத்தின் மூலையில் சென்னியப்பனின் இரண்டு எழுத்துதான் இருக்கும்.

“ஏனுங்ணா, கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டுப் போடலாமுங்.”

“அம்மணி, அழிச்சத எவன் வாங்குவான்? குப்பை. இவிய கூட்டி அள்ளீட்டுப் போனா நமக்கு வெளக்குமாறு மிச்சம்.” டிக் போட்டார். வாசல்வரை போய் மிதுனை வழியனுப்பிவிட்டு வந்து, நல்ல கறவை மாட்டை அடிமாட்டு விலைக்குப் பிடித்தவர்போல உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். தட்டைத் திறக்கும் கணக்கை மட்டும் தாமரையின் பெயரில் போடச் சொன்னார். அவருக்குக் கடவுச்சொல் ஞாபகத்தில் நிற்காது.

அந்த ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகும் படத்தில் ஏதாவது ஓர் அளவு பொய்யாக இருக்கும். படம், வார்ப்பதற்கு முன் மரத்தில் மாதிரி செய்கிறவரிடம் போகும், வார்ப்படப் பட்டறைக்குப் போகும், நடுவில் நாலு பேர் கையில் புரளும். எவன் எப்போது நகல் எடுப்பான் என்று சொல்ல முடியாது. நகல் எடுக்கிறவன் பொய்யோடு எடுத்துக்கொண்டு போகட்டும். நிஜ அளவு வாய்வழியாகப் போகும். சென்னியப்பனுக்கு வாயின்மேலும் நம்பிக்கையில்லை. மரமாதிரி செய்யும் அந்தோணிராஜ் வந்தால், தோளில் கிடக்கும் துண்டை இரண்டு பேர் கைமேலும் போட்டு மூடி, அப்பா மாட்டு விலை சொன்ன மாதிரி விரலைப் பிடித்துச் சொல்வார். முதலில் இரண்டு விரல், ஓர் அழுத்தம், பிறகு மூன்று விரல். இருபத்து மூன்று. அந்தோணிராஜ் துண்டுக்குமேல் முகத்தில் ஒன்றும் காட்டாமல், “மழை வருமாட்ட இருக்குதுங்ணா” என்று சொல்லிவிட்டுப் போவார்.

தாமரை மூன்று வருடம் உட்கார்ந்து போட்ட இம்பெல்லர் அது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம். பாலித்தீன் பை, கந்தல் துணி, தலைமுடி எதுவும் சுற்றிக்கொள்ளாமல் சேற்றைத் தள்ளுகிற மாதிரி இறக்கைகளை வளைத்திருந்தாள். இறக்கையின் முனைக் கோணம் இருபத்து மூன்று டிகிரி. அதில்தான் உயிர். படத்தில் எழுதுவது இருபத்தேழு. முதலில் இருபத்து மூன்றில் வரைந்து, கணக்குப் போட்டுச் சரிபார்த்து, கடைசியில் அதை அழித்துவிட்டு இருபத்தேழில் வளைத்துச் சேமிப்பாள். பழைய கணினியில் அழித்தது அந்த டப்பாவுக்குள்ளேயே செத்தது. கண்ணாடித் தட்டிலும் அதே கை, அதே பழக்கம். வரை, சரிபார், அழி, பொய்யை வை. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. அந்த அழித்தல் எல்லாம் எங்கே போகிறது என்று துண்டு போட்டு ரகசியம் பேசுகிற இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பதினான்கு மாதம் கழித்துக் குப்புராஜ் கூப்பிட்டார். நான்கு தெரு தள்ளிப் பட்டறை. இருபது வருடப் போட்டி. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் தவறாமல் போய், சாப்பாட்டில் குறை சொல்லிவிட்டு வருகிற அளவுக்கு நெருக்கம்.

“ஏப்பா சென்னி, வந்து பாரு. புதுப் பம்பு. டெஸ்ட்ல உன்றத விட ஒன்ற மீட்டர் கூட ஏத்துது.”

தொட்டியில் தெளிந்த தண்ணீரில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கழற்றி வைத்த இன்னொரு இம்பெல்லர். சென்னியப்பன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தாமரையின் வளைவு. சொந்த வீட்டுப் பிள்ளையை அடுத்தவன் வீட்டுச் சட்டையில் பார்க்கிற மாதிரி.

“எங்கீப்பா புடிச்ச இத?”

“புடிக்கறதென்ன. தானா வந்துது. மேகத்துல ரெண்டு கோடு போட்டேன். மூணாவது கோட்ட அதுவே சாம்பல் கலர்ல காட்டுது பாரு, இப்பப் புதுசா உட்டிருக்கானுக. அடுத்து நீ என்ன போடுவீன்னு அதுக்கே தெரியுது. பேனாவ அதும்மேல இழுத்துட்டுப் போனாப் போதும். எனக்கே தெரியாம எனக்குள்ள இத்தனை அறிவு இருந்திருக்குது.”

சென்னியப்பன் பையிலிருந்த கோணமானியை இறக்கை முனையில் வைத்தார். இருபத்தேழு. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “நல்லாருக்குதப்பா” என்று சொல்லிவிட்டு வந்தார். வழியெல்லாம் சிரிப்பு.

தாமரை சிரிக்கவில்லை.

“நாம அழிச்சது, நாம போட்டது எல்லாத்தையும் வெச்சுட்டுத்தானுங்ணா அந்தச் சாம்பல் கோடு போடுது. அவுருக்கு நம்ம பொய் போயிருக்குது. சொல்லிருங்.”

“எதுக்கு? திருடுனவனுக்கு ட்யூசன் எடுக்கோணுமா?”

“அவுரு எங்கீங் திருடுனாரு? காட்டுன கோட்டுமேல பேனாவ இழுத்திருக்காரு. இருபத்தேழுன்னா நல்ல தண்ணில ஜோராத் தள்ளும். கெட்டிச் சேறு வந்தா மோட்டாரு பாரம் தாங்காம நின்னுக்குமுங். எங்க மாட்டறாரோ என்னமோ.”

“நாலு மோட்டாரு புகையட்டும். அப்பத்தான் புத்தி வரும்.”

அவள் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று மத்தியானம் சென்னியப்பன் நன்றாகச் சாப்பிட்டார். பிற்காலத்தில் அந்தச் சாப்பாடுதான் அவருக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது: சுரைக்காய்க் கூட்டு, இரண்டு முறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது.

ஐப்பசி மழையில் ஊருக்கு வடக்கே ஒரு சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறியது. சாயங்காலம் ஐந்து மணி. அங்கே இரண்டு புதுப் பம்புகள் இருந்தன, குப்புராஜ் சரக்கு. எட்டு நிமிடம் ஓடின. சேறும் குப்பையும் வந்ததும் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பம்பு ஓடுகிற சத்தத்தை நம்பி ஒரு ஷேர் ஆட்டோ உள்ளே இறங்கியிருந்தது. ஓட்டியவர் இளவரசு. பின்சீட்டில், கீரை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த பாக்கியம். மறுநாள் செய்தித்தாள் படத்தில் கூடை மட்டும் மிதந்தது.

விசாரணை வைத்தார்கள். கோணம் தப்பு என்று நிபுணர்கள் சொன்னார்கள். கோடு மேகம் காட்டியது என்றார் குப்புராஜ். நாங்கள் காட்டுவது யோசனைதான், அந்த யோசனை இன்ன பயனரின் கையிலிருந்து வந்தது என்று மேகம் ஓர் எண்ணைக் கொடுத்தது. எண்ணுக்கு எதிரே பெயர்: தாமரைச்செல்வி. பத்து வருடத்தில் அவள் பெயர் அச்சில் வந்த முதல் காகிதம், பதினாலாம் தேதி ஆஜராகச் சொல்லும் சம்மன்.

“நாஞ் சொல்லீருவனுங்ணா,” என்றாள். “இருபத்து மூணுன்னு தெரிஞ்சேதான் இருபத்தேழு போட்டேன்னு. அழிச்சதெல்லாம் அவியகிட்ட இருக்குமில்லீங். எடுத்துப் பாக்கட்டும்.”

“அதச் சொன்னா வேணும்னே பண்ணுனதா ஆயிரும். செயிலு அம்மணி.”

“தெரியுமுங்.”

“போடச் சொன்னது நானு.”

“அதுவும் தெரியுமுங்.” அதை அவள் சொன்ன விதத்தில் குத்தலோ கோபமோ இல்லை. அளவு படித்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். அது சென்னியப்பனுக்கு அதிகமாகச் சுட்டது.

பன்னிரண்டாம் தேதி மிதுன் வந்தான். கண்ணாடித் தட்டை அணைத்தான். கைப்பேசியை வெளியே காரில் வைத்துவிட்டு வந்தான். பிறகு சென்னியப்பனின் தோளைப் பார்த்துச் சொன்னான்:

“துண்டு போட்டே பேசலாமே சார்.”

“உங்களுக்கு எப்பிடீங்க தெரியும்?”

“நாலு வருஷமா இந்த ஊர்லதான சார் பேரம் பேசறேன். நல்ல முறை. எங்கயும் பதிவாகாது.”

சென்னியப்பன் துண்டை எடுத்து மேசைமேல் விரித்தார். இரண்டு கைகளும் உள்ளே போயின. மிதுனின் கையில் கிருமிநாசினி வாசனை. விரல்கள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்டைக்காய் மாதிரி சில்லிட்டு, லேசாகப் பிசுபிசுத்தன.

மிதுன் விஷயத்தை வைத்தான். அழித்த கோடுகள் கம்பெனியின் வியாபார ரகசியம், அதிகாரி கேட்டாலும் தர வேண்டியதில்லை. அதை வெளியே கொண்டுவரச் சொல்லும் உரிமை வரைந்த பட்டறைக்கு மட்டும் உண்டு. அந்த உரிமையைச் சென்னியப்பன் எழுதிக் கொடுத்துவிட்டால், தாமரையின் கணக்கில் இருபத்தேழு மட்டுமே இருக்கும், ‘பயிற்சிக்காக வரைந்தது, தயாரிப்புக்கு அல்ல’ என்ற குறிப்போடு. சம்மன் விலகும்.

“அப்பக் குப்புராஜு?”

“பயிற்சிப் படத்த சரிபார்க்காம வார்த்தது அவர் தப்பு சார்.”

சென்னியப்பன் வியாபாரி. எதிராளி அவசரப்படும்போது விலையை ஏற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “எங்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க,” என்றார். “நீங்க ஊருக்கெல்லாம் காட்டறது பொய்யளவு. நிசம் எங்கிட்டத்தான் இருக்குது. இனியும் இப்பிடி ஆவாம இருக்கோணும்னா உங்களுக்கு அது வேணும். அதுக்கு என்ன தருவீங்க?”

துண்டுக்கடியில் மிதுனின் விரல்கள் நகர்ந்தன. சென்னியப்பனின் இரண்டு விரலைப் பிடித்தான். ஓர் அழுத்தம். பிறகு மூன்று விரல்.

மேசைக்குமேல் அவன் முகம் எப்போதும்போல இருந்தது. “இதுதான சார்?”

சென்னியப்பன் குனிந்து துண்டைப் பார்த்தார். “எப்ப இருந்து தெரியும்?”

“முதல் மாசத்துல இருந்தே. உங்க ஊர்ல முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் சார். முதல்ல ஒண்ணு வரைவாங்க, கணக்கெல்லாம் அதுலதான் பாப்பாங்க, கடைசில அழிச்சுட்டு வேற வைப்பாங்க. அழிச்சதுதான் நிஜம்னு மெஷினே புரிஞ்சுகிச்சு. யாரும் சொல்லித்தரல.”

“தெரிஞ்சும் குப்புராஜுக்கு இருபத்தேழு குடுத்தீங்களா?”

“அவர் சாதாரண சந்தா சார். வெச்ச கோடு சாதாரணத்துக்குப் போகும், அழிச்ச கோடு உயர்வுக்குப் போகும். வித்தியாசம் இல்லாட்டி உயர்வ யார் வாங்குவா? இத யாரும் ரூம்ல உக்காந்து திட்டம் போடல. சரக்குல ரெண்டு தரம், விலைல ரெண்டு தரம். உங்களுக்குத் தெரியாததா சார்.”

சென்னியப்பனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எதிரே இருப்பவனைப் பார்த்து மட்டும் வந்த குமட்டல் என்றால் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்திருக்கலாம். அவன் சொன்ன கணக்கில் அவருக்குப் புரியாதது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வரியும் அவர் பட்டறையில் அவரே சொல்லியிருக்கக்கூடிய வரி. அடுத்தவன் கண்ணில் படாமலிருக்க அவர் போட்ட துண்டு, இப்போது மேகத்தின் வாக்குமூலத்தை மூடிக்கொண்டு கிடந்தது. வெளியே போய்ச் சொன்னால், எங்கே பதிவு என்பார்கள்.

கையை உருவிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். நினைத்தது உண்மை. ஆனால் கை அங்கேயே இருந்தது. ஐம்பத்தாறு வருடப் பழக்கம். அவர் வாயிலிருந்து வந்தது அவருக்கே கேட்டது:

“வேறென்ன போட்டுத் தருவீங்க?”

மிதுன் சந்தோஷப்பட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் கோவைக்கு வண்டியேறியவன்போலச் சந்தோஷப்பட்டான். “உயர் சந்தா. வாழ்நாள் முழுக்க. இலவசம்.”

“எழுத்துல வேணும். யாரு வந்து மாத்துனாலும் மாறக்கூடாது.”

“மாறவே மாறாது சார். எழுதிக்கோங்க.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, சென்னியப்பன் பின்கட்டுக் குழாயில் கையைக் கழுவினார். இரும்புப் பட்டறையில் எண்ணெய்க்கறை போக்க வைத்திருக்கும் மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுத் தேய்த்தார். பிசுபிசுப்பு போகவில்லை.

தாமரை லேத்துப் பக்கம் நின்றிருந்தாள்.

“சம்மன் போயிருச்சு அம்மணி. உனக்கு ஒண்ணுமில்ல.”

“அளவச் சொல்லீட்டீங்களாங்?”

“நானெங்க சொன்னேன். அவன் எனக்குச் சொன்னான்.”

அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்தாள். பிறகு, “அந்தத் துண்டத் தோள்ல போடாதீங்ணா,” என்றாள். “கீழ தொடைக்கறதுக்கு வெச்சுக்கலாமுங்.”

பதினாலாம் தேதி, கூப்பிடாமலே அவள் விசாரணைக்குப் போனாள். இருபத்து மூன்று, இருபத்தேழு, துண்டு, சந்தா எல்லாவற்றையும் சொன்னாளாம். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாராம். “உங்க கணக்குல எதையும் அழிச்சதாவே பதிவு இல்லையேம்மா. பயந்துபோயிருக்கீங்க. வீட்டுக்குப் போங்க.” குப்புராஜைக் கைது செய்தார்கள். வேனில் ஏற்றும்போது, கூட்டத்தில் சென்னியப்பனைப் பார்த்துவிட்டு, “அந்தக் கோடு நல்லாத்தானப்பா இருந்துது?” என்று மட்டும் கேட்டார்.

தாமரை வேலையை விடுவதாகச் சொன்னாள். மாதக் கடைசிவரை வந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போவதாகவும் சொன்னாள். அந்தப் பதினாறு நாளும் அவள் தட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. கேட்டதற்கெல்லாம், “பழைய சாதாரணக் கணக்குலயே பண்றனுங், உங்க உசத்தி வேண்டாமுங்” என்றாள். சென்னியப்பன் கடந்து போகும்போதெல்லாம் அவள் பேனா ஓடிக்கொண்டிருக்கும். ஒரு முறை எட்டிப் பார்த்தார். ஓர் இம்பெல்லர். இரண்டு இறக்கை வரைந்திருந்தாள். மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இழுத்து, அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அழித்துவிட்டாள். மறுபடி இரண்டு இறக்கை. மறுபடி ஏதோ. மறுபடி அழித்தல். பித்துப் பிடித்துவிட்டதோ என்று நினைத்தார். கடைசி நாளில் பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு, “வர்றனுங்ணா” என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

தை பிறந்ததும் தொழிற்பேட்டை டீக்கடையில் பேச்சு கிளம்பியது. அந்தோணிராஜ்தான் முதலில் சொன்னார்.

“ஏனுங்ணா, உங்க தட்டுலயும் வருதுங்களா?”

“என்னது?”

“பேரு. இம்பெல்லருக்கு ரெண்டு எறக்கை போட்டா, மூணாவதுக்குச் சாம்பல் கோடு வருமில்லீங், அது எறக்கையாப் போறதில்ல. எழுத்தாப் போவுது. பாக்கியம்னு எழுதுது. அதும்மேல பேனாவ இழுக்காம உட்டா, அடுத்து இளவரசுன்னு எழுதுது. கடைசியா ஒரு இருபத்து மூணு.”

ஊரே ஆடிப்போயிருந்தது. ஒருத்தர் தட்டுக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் பிழிந்து, அதற்குள் சாறு இறங்கிப் பழுதாகி, புதுத் தட்டு வாங்கியிருந்தார். இன்னொருத்தர் பூசணிக்காய் உடைத்தார். இன்னொருவர் பம்பே வேண்டாம் என்று கிரைண்டர் வரையப் போய்விட்டார். சென்னியப்பனுக்கு மட்டும் புரிந்தது. பதினாறு நாள். அழித்ததையெல்லாம் வைத்துக்கொள்ளும் மேகத்துக்கு, அழித்து அழித்தே அவள் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மூன்றாவது இறக்கை என்று அவள் எதையும் வைக்கவே இல்லை; அதனால் அழித்ததே சாதாரணத்துக்கும் போய்விட்டது. எந்தப் பதிவிலும் இல்லாதது இப்போது எல்லார் தட்டிலும் வருகிறது.

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடி வந்தார். தட்டைத் திறந்து, பழக்கமில்லாத கையால் இரண்டு இறக்கை வரைந்தார். காத்திருந்தார். சாம்பல் கோடு எழுந்தது. வழவழவென்று வளைந்து, மூன்றாவது இறக்கையாகப் போய் நின்றது. இருபத்து மூன்று டிகிரி. பெயர் வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். மறுபடி இறக்கை.

மிதுனைக் கூப்பிட்டார்.

“உங்களுக்கு வராது சார்,” என்றான் மிதுன், குரலில் அக்கறையோடு. “நீங்க உயர் சந்தா. அதுல அந்தப் பேரெல்லாம் வடிகட்டிடறோம். முதல்ல எங்களுக்கும் தலைவலியாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா, சாதாரணத்துல இருக்கறவங்க பேரு வராம இருக்கறதுக்காகவே உயர்வுக்கு மாறறாங்க. உங்க ஊர்ல மட்டும் இந்த மாசம் இருநூறு பேர். அத எடுக்க வேண்டாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க.”

சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டு பேசுகிற விலை அல்ல இதுவும்.

“என்னையச் சாதாரணத்துக்கு எறக்கி உடுங்க.”

“சார்?”

“கீழ எறக்குங்க. எனக்கும் அந்தப் பேரு வரோணும்.”

“முடியாதே சார். வாழ்நாள் ஒப்பந்தம். யாரு வந்து மாத்துனாலும் மாறக்கூடாதுன்னு நீங்கதான் எழுதச் சொன்னீங்க.”

“காசு குடுக்கறேன். சாதாரணத்துக்கு நீங்க சொல்ற முழு வெல. பேரமில்ல.”

“எதுக்கு சார் நல்லத விட்டுட்டு?”

“உயர்வு வெலையே குடுத்தர்றேன். சாதாரணத்தக் குடுங்க.” வாழ்க்கையில் முதல்முறையாகக் குறைவானதைக் கேட்டு, கூடுதல் விலை சொல்லிப் பேசினார் அவர். முக்கால் மணி நேரம். மிதுன் ஒரு முறைகூடக் கிளம்புவதாகச் சொல்லவில்லை. கடைசியில், “நல்லா ரெஸ்ட் எடுங்க சார்” என்று வைத்துவிட்டான்.

பட்டறையில் லேத்து ஓடிக்கொண்டிருந்தது. துருவல் சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் பேனாவை எடுத்தார். யாரும் காட்டாவிட்டால் போகிறது; கை இருக்கிறது, எழுதத் தெரியும். தட்டில் இரண்டு இறக்கைகளுக்குப் பக்கத்தில், பாக்கியத்தின் ‘ப’வை இழுத்தார். கோணலாக வந்தது. அடுத்த எழுத்துக்குப் பேனாவைத் தூக்குவதற்குள், அந்தக் கோணலைப் பிழை என்று எடுத்துக்கொண்ட மேகம், மூலைகளை மழித்து, நெளிவை நேராக்கி, அதை ஓர் இறக்கையாகத் திருத்திக் கொடுத்தது.

கோணமானியை எடுத்து வைத்துப் பார்த்தார். இருபத்து மூன்று. துல்லியமாக இருந்தது.